ரியூப் கட்டின தடம்: கொக்குவில் வீட்டுச் சுவரில் ஒரு புடைப்புச் சிற்பம்

கொக்குவிலில் என் பெரியம்மா வீட்டு முன்கூடத்தில் மூன்று சட்டங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. முதலாவது பெரியப்பாவின் படம். அதற்குச் சந்தனப் பொட்டு உண்டு, பிளாஸ்ரிக் மாலை உண்டு, இரவு பகலாக எரியும் ஒரு சின்னச் சிவப்பு விளக்கும் உண்டு. மூன்றாவது அண்ணாவின் படம். அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெருப்பித்துச் சட்டம் போட்டது. அதற்கு மாலை இல்லை, பொட்டு இல்லை. 1996ஆம் ஆண்டு ஒரு காலையில் சைக்கிளில் வேலைக்கென்று புறப்பட்டவர் இன்னும் வீடு வரவில்லை. மாலை போடாத படம் என்ன சொல்கிறது என்று இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நடுவில் இருப்பது படமல்ல. ஏறக்குறைய இரண்டடி உயரமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட பலகையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். முழங்கால்களை மடித்து, இடக்கையை நிலத்தில் ஊன்றி, வலக்கையை நெற்றிக்கு மேலே வெயில் மறைக்கப் பிடித்து எங்கோ பார்க்கிறாள். முழங்கால்தான் சுவரிலிருந்து அதிகம் வெளியே வந்திருக்கிறது, இரண்டு விரல் தடிப்பு. முகத்தில் கண் இல்லை, மூக்கு இல்லை. நெற்றியிலிருந்து தாடைவரை சரிவாக ஒரு பள்ளம் மட்டும் ஓடுகிறது.

சின்ன வயதில் எனக்கு அவளைப் பார்க்கப் பயம். பின்னேரம் மேற்கு யன்னலால் வெயில் விழும்போது அந்தக் கை அசைவதாக நம்பியிருக்கிறேன்.

இரண்டு மாதங்களுக்கு முன்னர் ரொறன்ரோவில் இருக்கும் அக்கா வட்சப்பில் அழைத்தார். அடுத்த ஆண்டு பிள்ளைகளோடு வருகிறாராம். வீட்டுக்கு மாபிள் பதித்து, சுவருக்குப் பெயின்ற் அடிக்க ஒழுங்கு செய்தாயிற்று. கடைசியாகச் சொன்னார்: "தம்பி, உந்த நடுவில தொங்கிற பொம்பிளையின்ர முகத்தை ஆரையும் பிடிச்சுத் திருத்திவிடு. பிள்ளையள் பயப்பிடுங்கள். எவ்வளவு எண்டாலும் நான் அனுப்புறன்."

ஊடகக் கற்கை படித்தவன் என்பதால் குடும்பத்தில் படம், வீடியோ, இப்போது சிற்பம் வரை எல்லாம் என் தலையில்தான் விழும். திருத்துவதற்கு ஆள் தேடப் போய், திருத்தலாமா என்று கேட்கத் தொடங்கி, இந்தக் கட்டுரையில் வந்து நிற்கிறேன்.

சுவரை விட்டுப் பிரியாத உருவம்

இந்த வகை வேலைக்குத் தமிழில் புடைப்புச் சிற்பம் என்று பெயர். சிலையைச் சுற்றி நடந்து அதன் முதுகைப் பார்க்கலாம். புடைப்புச் சிற்பத்துக்கு முதுகு கிடையாது. பலகையிலோ கல்லிலோ தகட்டிலோ இருந்து உருவம் கொஞ்சம் மேலெழும்பி, மீதி உள்ளேயே இருந்துவிடும். கொஞ்சமாக மேலெழுந்தால் தாழ் புடைப்பு. காசில் இருக்கும் தலை அந்த வகை. பாதிக்கு மேல் வெளியே வந்தால் உயர் புடைப்பு.

எங்களுக்கு இது புதிய சாமான் அல்ல. கோயில் தேரின் கீழ்ப்பகுதியில் வரிசையாக இருக்கும் மரப் பலகைகளைப் பாருங்கள். கடவுளரும் யாளியும் நடனப் பெண்களும் பலகையை விட்டுப் பிரியாமல் நிற்பார்கள். தேவாலயங்களின் இரண்டு பக்கச் சுவரிலும் சிலுவைப் பாதையின் 14 நிலைகள் இருக்கின்றன. அவற்றில் பலவும் சட்டத்துக்குள் அடங்கிய புடைப்பு உருவங்கள்தான். அனுராதபுரத்து இசுருமுனியவில் காதலர் என்று அழைக்கப்படும் கற்பலகை, மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் செதுக்கிய பெரும் பாறை, எல்லாம் இதே குடும்பம்.

பார்ப்பதற்கு இலகு, செய்வதற்குச் சிரமம். உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதருக்கு முழங்காலிலிருந்து முதுகுவரை ஏறக்குறைய இரண்டடி ஆழம் இருக்கும். அதைச் சிற்பி இரண்டு விரல் தடிப்புக்குள் நெரித்து அடக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அளவில் நெரித்தால் உருவம் பப்படம் மாதிரித் தட்டையாகிவிடும். எனவே அருகே இருப்பதற்கு அதிக தடிப்பும் தூர இருப்பதற்குக் குறைந்த தடிப்பும் பங்கு போடுவார்கள். முழங்காலுக்கு நிறைய, தோளுக்குக் கொஞ்சம், மறுபக்கத் தோளுக்கு வெறும் கோடு. ஆழம் உண்மையில் அங்கே இல்லை. எங்கள் கண்தான் நிழலை வைத்து ஆழத்தைக் கட்டிக்கொள்கிறது.

வெளிச்சம் மாறினால் உருவமும் மாறுவது இதனால்தான். நேரே முன்னாலிருந்து, அல்லது கூரையிலிருக்கும் ரியூப் லைற்றிலிருந்து வெளிச்சம் விழுந்தால் நிழல் சுருங்கிப்போகும். பக்கவாட்டிலிருந்து தாழ்வாக விழுந்தால் ஒவ்வொரு மடிப்பும் எழும்பி நிற்கும். சின்ன வயதில் நான் கண்ட அசைவும் அதுதான். வெயில் இறங்க இறங்க விரல்களின் நிழல் நீண்டுகொண்டே போயிருக்கிறது.

ஜாம் போத்தல் வெளிச்சத்தில்

இதைச் செய்தவர் எங்கள் பக்கத்தில் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பித்த மாஸ்ரர். அவர் இப்போது இல்லை. குடும்பத்தார் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் மாஸ்ரர் என்றே எழுதுகிறேன். கண்காட்சி வைத்தவரோ விருது வாங்கியவரோ அல்ல. கோயில் திரைச்சீலை, பாடசாலை நாடகத்துக்கு முடி, செத்த வீட்டுக்குப் படம் என்று யார் எதைக் கேட்டாலும் செய்து கொடுத்தவர். பெரியப்பாவுக்குக் கூட்டாளி. இந்தப் பெண்ணை 1993இல் செய்தார்.

அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். 1990இலிருந்து பொருளாதாரத் தடை. சீமெந்து இல்லை, பற்றறி இல்லை, பசளை இல்லை, எரிபொருள் இல்லை. குடாநாட்டுக்கு மின்சாரமும் இல்லை. சீமெந்தில் உருவம் வார்த்துப் பழகிய ஒருவருக்கு வேலை செய்யச் சாமானே கிடையாது. மாஸ்ரர் கடதாசிக்கு மாறினார்.

பெரியம்மா அந்த வேலையைக் கூட இருந்து பார்த்தவர். செய்முறையை ஒரு பலகாரத்தின் பக்குவம் சொல்வது போல எனக்குச் சொன்னார். பழைய பேப்பரையும் எழுதி முடிந்த கொப்பிகளையும் கிழித்து மூன்று நாள் தண்ணீரில் ஊறவிட்டு, அவித்து, பெரியம்மாவின் உரலிலேயே போட்டு இடித்திருக்கிறார். ("பிறகு அந்த உரலில மா இடிக்கேலாமல் போச்சு" என்ற குறை இன்றைக்கும் உண்டு.) பிழிந்த கூழுக்குள் புளியங்கொட்டைப் பசையும், பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் துரிசும். புத்தகம் கட்டுபவர்கள் பசைக்குள் துரிசு போடுவது இதே காரணத்துக்காகத்தான். அடியில் தேயிலைப் பெட்டிப் பலகை. அதில் சின்ன ஆணிகளை அரைவாசி அடித்து, அவற்றைச் சுற்றி நூல் ஓட்டி, கூழ் பிடித்து நிற்க வழி செய்திருக்கிறார். ஒரே தடவையில் தடிப்பாக அப்பினால் வெளிப்பக்கம் காய்ந்து உள்ளே ஈரம் நின்று வெடித்துவிடும். ஆகவே ஒரு படை போட்டு, காயவிட்டு, அடுத்த படை. முழங்காலுக்கு மட்டும் ஏழோ எட்டோ படை போட்டதாகப் பெரியம்மாவுக்கு ஞாபகம். கடைசியில் பழைய வேட்டித் துணியைப் பசையில் தோய்த்து மேலே போர்த்து, கோண்டாவில் பக்கத்துச் செம்மண்ணை அரித்துக் கரைத்துப் பூசி, மடிப்புகளுக்குள் விளக்குக் கரியைத் தேய்த்திருக்கிறார்.

பகலில் பாடசாலை. இரவில்தான் இந்த வேலை, அதுவும் ஜாம் போத்தல் விளக்கில். ஒரு துளி மண்ணெண்ணெயில் மணிக்கணக்காக எரியவைக்க எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த அந்த விளக்கு, மேசையில் பக்கத்தில் இருந்தபடி தாழ்வாக வெளிச்சம் தரும். இந்தச் சிற்பம் பக்க வெளிச்சத்தில் உயிர் பெறுவதும் ரியூப் லைற்றில் செத்துப்போவதும் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. அந்த வெளிச்சத்தைப் பார்த்தே ஒவ்வொரு மேட்டின் உயரத்தையும் அவர் முடிவு செய்திருக்கிறார். கடந்த கிழமை மின்சாரம் நின்ற ஓர் இரவில் மெழுகுதிரியை இடப்பக்கம் பிடித்துப் பார்த்தேன். கழுத்தெலும்புக்குக் கீழே, நான் முப்பது ஆண்டுகளாகக் காணாத ஒரு மெல்லிய சங்கிலி தெரிந்தது.

1995 ஒக்ரோபர் 30

முகம் போன கதை ஒரே இரவின் கதை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. எனக்கு அப்போது ஐந்து வயது. மழை, ஆட்களின் முதுகு, யாரோ ஒருவரின் ஆடு, இவ்வளவுதான் சொந்த ஞாபகம். மற்றதெல்லாம் கேட்டது.

பெரியம்மா உடுப்புப் பொட்டலி, காணி உறுதி, அரிசி, பெரியப்பாவின் படம் என்று எடுத்து வைத்தார். அண்ணா அந்தப் பலகையைச் சுவரிலிருந்து கழற்றினார். அவருக்கு அப்போது பத்தொன்பது. பெரியம்மா ஏசியிருக்கிறார்: "சோத்துக்கு வழி இல்லை, உது என்னத்துக்கு?" சீமெந்தில் வார்த்ததாக இருந்தால் அவரும் விட்டுவிட்டுத்தான் வந்திருப்பார். கடதாசி என்பதால் பாரமில்லை. சட்டத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, பலகையைப் பழைய யூரியாப் பையால் சுற்றி, சைக்கிள் கரியரில் வைத்து, வெட்டிய ரியூப்பால் இறுக்கிக் கட்டினார்.

நல்லூர், செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம். சாதாரண நாளில் சைக்கிளில் முக்கால் மணித்தியாலம் போதும். அன்றைக்கு மறுநாள் பகல் வரை எடுத்தது. பைக்குள் மழைத்தண்ணீர் இறங்கியது. ஊறிய கூழ் மா மாதிரி இளகியது. மேலே ரியூப் இழுத்து நெரித்துக்கொண்டே வந்தது. கைதடியில் அவிழ்த்துப் பார்த்தபோது முகம் இல்லை. ரியூப் கிடந்த சரிவில் ஒரு வாய்க்கால் மட்டும் இருந்தது. அண்ணா அதை வெயிலில் காயவைத்தார். காய்ந்தபோது அந்தத் தடமும் அப்படியே இறுகிவிட்டது.

1996 சித்திரை கழிய மற்றவர்களோடு அவர்களும் கொக்குவிலுக்குத் திரும்பினார்கள். வீட்டில் கதவு, யன்னல், கூரைமரம் ஒன்றும் இல்லை. கழற்றி விட்டுப்போன சட்டத்தையும் யாரோ கொண்டுபோயிருந்தார்கள். பனஞ்சிலாகைத் துண்டுகளை இழைத்து அண்ணா புதிய சட்டம் அடித்தார். இப்போது தொங்குவது அதுதான். சில மாதங்களில் அவர் காணாமல் போனார்.

அந்த ஓராண்டில் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கானோர் காணாமல் ஆக்கப்பட்டதைச் சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்திருக்கிறது. செம்மணியில் உடல்கள் புதைக்கப்பட்டன என்று 1998இல் கிருசாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் தண்டனை பெற்ற படையினர் ஒருவர் நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் அங்கே 15 எலும்புக்கூடுகள் தோண்டி எடுக்கப்பட்டன. பிறகு இருபத்தைந்து ஆண்டுகள் அந்த வெளியால் பஸ் ஓடியது. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது மீண்டும் எலும்புகள் வெளிவந்தன.

அங்கே கண்டெடுக்கப்பட்ட பொருட்களை 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி மக்கள் அடையாளம் காண்பதற்காகக் காட்சிக்கு வைத்தார்கள். செய்தி எழுதுபவனாக நான் போக வேண்டியிருந்தது. பெரியம்மாவும் வெளிக்கிட்டு நின்றார். மண்பிடித்த உடுப்புகளையும் செருப்புகளையும் வரிசையில் நின்று பார்த்தார்கள். முகத்தை வைத்து அடையாளம் காண அங்கே ஒன்றும் இல்லை. ஒரு தையல், ஒரு பொத்தான், செருப்பு தேய்ந்திருக்கும் பக்கம், இவற்றைத்தான் தேடினார்கள். பெரியம்மா ஒவ்வொன்றின் முன்னாலும் கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. திரும்பி வரும்போது ஓட்டோவில் அவர் கதைத்தது அன்றைக்கு மரக்கறி வாங்காமல் விட்டதைப் பற்றி மட்டும்.

கல்லிலும் வெண்கலத்திலும்

சிற்பம் பற்றித் தேடும்போது ஜேர்மன் கலைஞர் கேத்தே கொல்விற்ஸின் ஒரு வேலை என்னைப் பிடித்து நிறுத்தியது. அவருடைய இளைய மகன் பீற்றர் 1914 ஒக்ரோபரில் பெல்ஜியத்தில் போர்க்களத்தில் இறந்தான். பெற்றோர் இருவர் முழந்தாளிடும் சிலைகளை அந்த மகனுக்காக அவர் செய்து முடித்து வைக்க 1932 ஆயிற்று. நான் சொல்ல வந்தது அந்தச் சிலைகளை அல்ல. சிற்பி ஏர்ண்ஸ்ற் பார்லாக் இறந்த 1938இல் தொடங்கி அவர் செய்த 'புலம்பல்' என்ற சிறிய வெண்கலப் புடைப்பு. அளவு ஒரு சாப்பாட்டுக் கோப்பைக்கு மேல் வராது. அதில் இருப்பது அவருடைய சொந்த முகம்தான், ஆனால் பாதியைக் கைகள் மூடியிருக்கின்றன. நாஸிகள் அவரைக் கண்காட்சி வைக்க விடாத காலம் அது. பெரிய நினைவுச் சின்னத்துக்கு இடமில்லாத நேரத்தில் மேசையில் வைத்துச் செய்யக்கூடிய அளவு அது.

பெரிய அளவில் தமிழர் செய்த புடைப்பு என்றால் தஞ்சாவூருக்குப் பக்கத்தில் விளாரில் இருக்கும் முள்ளிவாய்க்கால் முற்றம். பழ. நெடுமாறனின் முயற்சியில் எழுந்து 2013 நவம்பரில் திறக்கப்பட்டது. கடைசிப் போரின் காட்சிகள் அங்கே கல்லில் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. அந்த உருவங்களில் 2017இல் காலமான ஓவியர் வீர சந்தானத்தின் உழைப்புப் பெரியது. திறந்த சில நாட்களிலேயே அதன் சுற்றுச்சுவரை அதிகாரிகள் இடித்தார்கள். கல் உருவங்கள் தப்பின.

எங்கள் பக்கம் அவ்வளவுகூட விட்டுவைப்பதில்லை. கொக்குவிலிலிருந்து நடந்தே போகக்கூடிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், மேலெழும் கைகளோடு மாணவர்கள் கட்டிய முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு இடித்தார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மூன்றாம் நாள் மீண்டும் அடிக்கல் வைக்கப்பட்டது. ஏப்ரல் 23இல் திரும்பத் திறந்தார்கள். அதே பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் பிரம்படியில் 1987 ஒக்ரோபரில் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டவர்களுக்கு ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறோம். அந்த மாதமே கொக்குவில் இந்துக் கல்லூரியில் அகதிகளாக இருந்தவர்கள் மீது செல் விழுந்தது. அங்கே இறந்தவர்களின் முகங்களை இந்த ஊரில் எந்தச் சுவரிலும் நான் கண்டதில்லை.

வீட்டுக்குள் இருக்கும் சட்டத்தை இடிக்க ஒருவரும் புல்டோசர் கொண்டு வருவதில்லை. அதற்கு வேறு எதிரிகள். கறையான், ஒழுகும் கூரை, புது மாபிள், எங்களுடைய நல்லெண்ணம். மாற்கு மாஸ்ரரைப் பற்றி 1987இல் 'தேடலும் படைப்புலகமும்' என்ற தொகுப்பு வந்தது; குருநகரில் பிறந்து பல ஓவியர்களை உருவாக்கிய அவரைப் பற்றி 2000இல் அவர் காலமான பிறகும் எழுதுகிறார்கள். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் இருந்த பெயர் தெரியாத சித்திர மாஸ்ரர்களின் வேலைகள் எந்த வீட்டில் எத்தனை இருக்கின்றன என்று ஒருவரும் எண்ணி வைக்கவில்லை. இந்தத் தலைமுறைப் பெரியம்மாக்கள் போனபின் அவை 'பழைய சாமான்' ஆகிவிடும்.

இரண்டு நாள் வேலை

அக்காவின் சொல்லை மீறாமல் ஓர் ஆளைக் கூட்டிவந்தேன். கோயில் கோபுர வேலை செய்யும் இளைஞர், கைத்திறன் உள்ளவர். பார்த்துவிட்டு, "இரண்டு நாள் வேலை அண்ணை. புட்டி வைச்சுக் கண் மூக்கு எடுத்து எமல்சன் அடிச்சுவிட்டால் புதுசு மாதிரி" என்றார். பயமென்றால் அச்செடுத்து ஃபைபரில் வார்த்துத் தரலாம் என்றும் சொன்னார். அவரில் பிழை இல்லை. கோயிலில் மூக்குடைந்த உருவத்தைத் திருத்தித்தான் ஆக வேண்டும்.

ஆனால் கடதாசிக் கூழ் வேறு. அச்செடுக்க மேலே ஊற்றும் சாமான் காய்ந்து கழற்றும்போது செம்மண் பூச்சையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். புட்டி கல்லு மாதிரி இறுகும். அடியிலிருக்கும் கடதாசியோ மாரியில் ஊதி, கோடையில் சுருங்கும். இரண்டும் ஒன்றாக அசையாததால் ஒட்டிய மூக்கு சில ஆண்டுகளில் அடியோடு பெயர்ந்து விழும். எமல்சன் அடித்தால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. பழைய பொருட்களைப் பேணுபவர்கள், பின்னால் வருபவர் நினைத்தால் கழற்றக்கூடிய வேலையை மட்டும் செய் என்கிறார்கள். உடைவதை நிறுத்து, இல்லாததைக் கற்பனை செய்து சேர்க்காதே என்பதும் அவர்கள் வழக்கம்.

இவ்வளவையும் நான் பெரியம்மாவுக்கு விளக்கி முடிக்க, அவர் கேட்டார்: "ஆற்ற முகத்தை வைக்கப் போறியள்?"

எனக்கும் அந்த இளைஞருக்கும் பதில் இல்லை. மாஸ்ரர் வைத்த முகம் எப்படி இருந்தது என்று பெரியம்மாவுக்கே மறந்துவிட்டது. படமும் இல்லை.

"முகம் வைச்சால் அது ஆரோ ஒரு பொம்பிளை. இப்ப எங்கட வீட்டு ஆள். அந்தக் கோடு அவன் கட்டினது. விடு" என்றார்.

அதனால் நாங்கள் செய்தது சின்ன வேலைகள் மட்டும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்குமென்பதால் சொல்கிறேன். ஈரத்துணியால் துடைக்கவில்லை. நாள்பட்ட தூசியைக் காய்ந்த மெல்லிய தூரிகையால் மேலிருந்து கீழே தட்டினோம். கழற்றும்போது மேல் விளிம்பில் தூக்காமல் அடியில் இரண்டு கையும் கொடுத்து எடுத்தோம். பின்பக்கத்தில் கறையான் மண் ஓரிடத்தில் ஏறியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, சுவரில் அது வந்த வழியை அடைத்தோம். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் ரப்பர்த் துண்டு ஒட்டினோம், சுவருக்கும் பலகைக்கும் நடுவில் காற்றுப் போவதற்காக. அக்கா கேட்ட கண்ணாடியைப் போடவில்லை. உருவத்தைத் தொடாத ஆழமான பெட்டிச்சட்டம் என்றால் போடலாம். ஒட்டிப் போட்டால் எங்கள் மாரிக்கு உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பெயின்ற் காய்ந்து மணம் போகும்வரை பலகையை அலுமாரிக்கு மேலே படுக்கவைத்தோம்.

படம் எடுக்கும் முறையும் முக்கியம். கைபேசியின் பிளாஷை நிறுத்திவிட்டு, அறையை இருட்டாக்கி, ரோர்ச்சை ஒரு பக்கமிருந்து தாழ்வாகப் பிடித்து எடுங்கள். பிறகு மறுபக்கமிருந்து, மேலிருந்து. ஓர் அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்து ஒன்று, பின்பக்கத்தை ஒன்று. இடப்பக்க வெளிச்சத்தில் எடுத்ததை அக்காவுக்கு அனுப்பினேன். அன்றிரவு நெடுநேரம் அவர் ஒன்லைனில் இருந்தார், பதில் வரவில்லை. விடிய ஒரு குரல் பதிவு: "சங்கிலி தெரியுது. அது அம்மான்ர சங்கிலி. 95இல வித்தது." முகத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

பின்பலகையில் பென்சிலால் எழுதினேன். பேனை மை ஊறி முன்னால் வரலாம், பென்சில் வராது. என்ன பொருளில், எந்த ஆண்டு, எந்த ஊரில் செய்தது. 1995 ஒக்ரோபரில் மழையில் பழுதானது. சட்டம் 1996இல் அடித்தது. செய்தவரின் பெயரையும் எழுதினேன். சுவரோடு இருக்கும் பக்கம் என்பதால் அவர்கள் வீட்டில் அதற்குச் சம்மதம். சட்டம் அடித்தவர் யாரென்று எழுதும்போது பெரியம்மா பக்கத்தில் நின்று எழுத்துக்கூட்டிச் சொன்னார், எனக்கு அண்ணாவின் பெயர் தெரியாது என்பது போல.

சனிக்கிழமை திரும்பத் தொங்கவிட்டோம். பழைய ஆணி இருந்த இடத்திலேயே அடிக்கப் போனேன். பெரியம்மா கதிரையில் இருந்தபடி, "ஒரு சாண் பதிச்சு அடி தம்பி, எனக்கு இப்ப அவ்வளவு உயரம் அண்ணாந்து பாக்கேலாது" என்றார். இப்போது மூன்று சட்டமும் ஒரே வரிசையில் இல்லை.